இரண்டூர்ப் பெயர்களும் இணையத் தேடலும்

ஓர் ஊரின் பெயரை எழுதுதல் எளிய தொழில் என்றே யாவரும் கருதுவர். ஆயினும் அப்பெயரைக் கணினியிடம் கொடுத்து, 'இதனைத் தேடித் தருக' என்று ஏவுங்கால் அவ்வெளிமை நீங்கிவிடுகின்றது. எழுத்தாவது யாது, ஓரெழுத்துக்கும் மற்றோரெழுத்துக்கும் வேற்றுமை யாது, ஒரு சொல் எத்துணைத் திரிபு எய்தினும் அச்சொல்லேயாய் நிற்கும் என்று, எழுத்ததிகாரம் பயில்வார்க்கு நன்கு பழகிய வினாக்களெல்லாம் அங்கே புதுக்கோலம் பூண்டு எழுகின்றன.

இக்காலத்தில் தமிழ் பயில்வார்க்குப் பயன்படத்தக்க கருவிகள் பல இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. அகராதி, நூற்றொகுதி, எழுத்துரு, தேசப்படம் என அவை பலதிறப்படும். அவற்றையெல்லாம் வரிசையாக எழுதித் தருவது எளிது. ஆயின் பட்டியலைப் படித்து ஒருவரும் ஒன்றையும் கையாளத் தொடங்கியதில்லை. ஆதலின் பொன்னை உரைகல்லில் இட்டுப் பார்ப்பதுபோல, அக்கருவிகளை நாம் நன்கறிந்த இரண்டு சொற்களில் உரைத்துப் பார்த்தோம். அச்சொற்கள், விருதுநகர் மாவட்டத்தில் மேற்குமலைச் சாரலில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடையிட்டு நிற்கும் ஸ்ரீவில்லிபுத்தூர், இராசபாளையம் என்னும் ஊர்ப்பெயர்கள் இரண்டுமே. முன்னது பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய பழம்பதி. பதினொரு நிலைக் கோபுரம் உடையது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவால் இன்று பலர் நாவிலும் நிற்பது. பின்னது பஞ்சாலைகளுக்கும் வேட்டைநாய்க்கும் பேர்பெற்றது. அந்நாய் 2005-இல் அஞ்சல்தலையிலும் ஏறிற்று. நாம் வளர்ந்த ஊர்கள் என்பதன்றி இவற்றைத் தெரிந்தெடுத்ததற்கு முதலில் வேறு காரணம் இல்லை. தேடப் புகுந்த பின்னரே, இவ்விரண்டினும் சிறந்த உரைகல் அகப்படுதல் அரிது என்பது புலனாயிற்று.

முதற்கண் 'ஸ்ரீ' என்பதனை நோக்குவாம். கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் வகுக்கும் யூனிகோடு என்னும் ஒருங்குறி 1991-இல் முதன்முதலாக வெளிவந்தது. அதனுள் தமிழுக்கென 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 'அ' என்பதற்கு 2949, 'க' என்பதற்கு 2965, 'ர' என்பதற்கு 2992, ஈகாரக் குறிக்கு 3008, புள்ளிக்கு 3021. கிரந்த எழுத்தாகிய 'ஸ' சரியாக 3000 என்னும் முழுவெண்ணைப் பெற்றுள்ளது. ஸ்ரீ என்னும் கூட்டெழுத்துக்கோ தனியெண் இல்லை. வடமொழியில் அது 'ஶ' என்னும் எழுத்தை முதலாக உடையது. ஆயின் தமிழ் அட்டவணையில் தொடக்கத்தில் 'ஶ' இடம்பெறவில்லை. ஆகவே 'ஸ' என்பதனையே அதற்குப் பதிலியாக நிறுத்தி, 3000, 3021, 2992, 3008 என்னும் நான்கெண்களால் ஸ்ரீயை எழுதி வந்தனர். 2005-இல் வெளியான 4.1-ஆம் பதிப்பில் 'ஶ' என்பதும் சேர்க்கப்பட்டு 2998 என்னும் எண்ணை அடைந்தது. அன்று முதல் 2998, 3021, 2992, 3008 என்பதே தக்க வடிவம் என்றாயிற்று. ஆயினும் முன்னர் எழுதப்பட்டவை திருத்தப்படவில்லை. பின்னர் எழுதுவோரும் யாவரும் மாறினாரல்லர். இருவகை வழக்கும் பரவிக் கிடத்தலால் இரண்டையும் ஒன்றாகவே கொள்க என்று ஒருங்குறி நூலே பரிந்துரைக்கின்றது.

இதனால் நேர்ந்த விளைவு யாதெனின், ஸ்ரீவில்லிபுத்தூர் என்றும் ஶ்ரீவில்லிபுத்தூர் என்றும் இரண்டூர் கணினிக்குள் உளவாயின. இவ்வரியை அச்சிற் காண்பவர், ஒரே சொல்லை ஏன் இருமுறை எழுதினர் என வியத்தலும் கூடும். கண்ணுக்கு வேற்றுமை சிறிதும் தோன்றாது. கணினிக்கோ முதலெண் 3000, மற்றதன் முதலெண் 2998. பெரிய தேடுபொறிகள் இத்தகைய வேற்றுமையை ஓரளவு அறிந்து பொறுத்துக்கொள்கின்றன. ஆயின் ஒரு பக்கத்துள்ளேயோ, ஓர் ஆவணத்துள்ளேயோ, ஓர் அலுவலகத்துப் பெயர்ப்பட்டியலுள்ளேயோ தேடும் எளிய தேடல் அவ்வாறு பொறுப்பதில்லை. இரண்டு எண் வேற்றுமையால் ஊரே இல்லையென்று விடை வருகின்றது.

இஃதொன்றே ஆயின் இத்துணை விரித்து எழுதவேண்டா. 'ஸ்ரீ' என்பதனை விலக்கித் 'திரு' என்று எழுதுவோர் உளர். ஈழத்தவர் வழக்கைப் பின்பற்றிச் 'சிறீ' என்று எழுதுவாரும் உளர். அடைமொழியின்றி வில்லிபுத்தூர் என்றே ஒழிவாரும் உளர். ஆக முதற்பகுதி ஐவகை. அடுத்து, வில்லி என்பதன்பின் வல்லினம் மிகுமா, மிகாதா என்பது. வில்லிபுத்தூர், வில்லிப்புத்தூர் என இருவகையும் அச்சில் வழங்குகின்றன. மூன்றாவது ஒன்று உண்டு. அதுவே மிகப் பொல்லாதது. பல எழுத்துருக்களில் ரகரமும், நெடிற்குறியாகிய காலும் பெரிதும் ஒத்துத் தோன்றுகின்றன. தட்டெழுதுவோர் சிலர் ரகரத்தின்மேற் புள்ளியிடுவதற்குப் பதிலாகக் காலின்மேற் புள்ளியிட்டு விடுகின்றனர். 'புத்தூர்' என்பதன் ஈற்றில் 2992, 3021 நிற்க வேண்டிய இடத்தில் 3006, 3021 நிற்கின்றன. காலுக்குப் புள்ளி உண்டென்று எந்த இலக்கணமும் கூறவில்லை. எனினும் அச்செழுத்தில் அஃது ரகரமெய்யாகவே காட்சியளிக்கின்றது. ஐந்தை இரண்டாற் பெருக்கி, அதனை மீண்டும் இரண்டாற் பெருக்கின் இருபது. ஓரூருக்கு இருபது பெயர்!

இராசபாளையம் இத்துணைத் தொல்லை தருவதன்று. ரகரம் மொழிக்கு முதலில் வாராது என்னும் விதியைப் போற்றுவோர் இகரத்தை முன்னிறுத்துவர், ஏனையோர் நிறுத்தார். கிரந்தத்தை விலக்குவோர் சகரம் எழுதுவர். ஏனையோர் ஜகரம் எழுதுவர். இராசபாளையம், இராஜபாளையம், ராஜபாளையம், ராசபாளையம் என நான்கே வடிவம். இவற்றுள் எதையும் பிழையென்று தள்ளுதற்கு நமக்குத் துணிவில்லை. முதலாவது இலக்கணத்தை ஒட்டியது. மூன்றாவது ஊரார் நாவில் வழங்குவது. பேருந்தின் நெற்றியில் எஃது எழுதியிருப்பினும் ஏறிக்கொள்வோம்.

பெயரின் வடிவத்தை ஆணையால் நிலைநிறுத்த முயன்றதும் உண்டு. 2020-ஆம் ஆண்டு சூன் திங்களில் தமிழ்நாடு அரசு, 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு இயையத் திருத்தி ஆணை வெளியிட்டது. திருத்திய எழுத்துக்களைக் கண்ட மக்கள் பலவாறு பேசவே, சில நாட்களுக்குள் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில எழுத்துக்கே இப்பாடு எனின், தமிழ் வடிவத்துக்கு ஓர் ஆணை பிறந்தால் எங்ஙனம் முடியுமோ!

நிற்க. இலக்கணம் பயில்வார் கவனிக்கவேண்டிய பொருள் இதனினும் ஆழமானது ஒன்று உண்டு. 'க்' என்னும் மெய்யும் 'அ' என்னும் உயிரும் கூடி 'க' ஆயிற்று என்பது நாம் கற்றது. கணினியின் கொள்கை இதற்கு நேர்மாறானது. அதற்குக் 'க' என்பதே முதல். அதனோடு புள்ளியைக் கூட்டினால் 'க்' ஆகும். அஃதாவது மெய் ஓரெண்ணும், அகரமேறிய உயிர்மெய் ஈரெண்ணுமாக அன்று, உயிர்மெய் ஓரெண்ணும் மெய் ஈரெண்ணுமாக அமைந்துள்ளது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1988-இல் வகுத்த இஸ்கி என்னும் முறையை ஒட்டி அமைத்தமையால் வந்த விளைவு இது. இதனைக் குறையென்று கண்ட தமிழறிஞரும் கணினியறிஞரும், 247 எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் முறையொன்றை வகுத்தனர். 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைப் பொதுத்தரமாகவும், டேஸ்-16 எனப்படும் அம்முறையை மாற்றுத்தரமாகவும் ஏற்றது. எனினும் உலகவழக்கில் நிலைத்தது ஒருங்குறியே. நாம் டேஸ்-16 பக்கம் மனம் சாய்ந்தவர் எனினும், கைப்பேசிகள் யாவும் ஒருமுறையையே பேசுங்கால் மற்றொன்றைப் பேசித் தனித்து நிற்பதிற் பயனில்லை என்பதனை ஒப்புகின்றோம்.

இவ்வமைப்பை அறியாதார்க்கு நேரும் இடர்ப்பாடு ஒன்று காட்டுவாம். தமிழ்நாட்டில் 'ஊர்' என முடியும் ஊர்ப்பெயர்களையெல்லாம் தொகுக்க விரும்பிய ஒருவர், ஒரு பட்டியலுக்குள் 'ஊர்' என்று தேடுவாராயின் புத்தூரும் வாரா, கடலூரும் வாரா. ஏனெனில் தனித்து நிற்கும் ஊகாரத்துக்கு எண் 2954. மெய்யோடு கூடிய ஊகாரக் குறிக்கு எண் 3010. நமக்கு ஓருயிர், கணினிக்கு இருபொருள். அவர் ஊகாரக் குறியையும் ரகரமெய்யையும் மட்டும் சேர்த்துத் தேடுதல் வேண்டும். உயிரீறு, மெய்யீறு, உடம்படுமெய் என்று படித்தவற்றையெல்லாம் தேர்வுக்குப்பின் மறந்துவிடலாம் என எண்ணியிருந்த நம் வகுப்புத் தோழர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை. அகரவரிசையும் இவ்வாறே. கணினியின் எண்வரிசையில் னகரம் 2985; பகரம் 2986. ஆதலால் எண்ணைப் பார்த்து அடுக்கும் எளிய நிரலில் அன்பு முன்னும் அப்பம் பின்னுமாக வரும். நம் நெடுங்கணக்கில் னகரம் ஈற்றெழுத்து, அப்பமே முற்படவேண்டும். நல்ல மென்பொருள்கள் இதனைத் தமிழ்முறைப்படி திருத்தி அடுக்குகின்றன. எனினும் ஒரு பட்டியலைக் கண்டால், னகரம் எங்கே நிற்கின்றது என்று முதலிற் பார்த்துக்கொள்வது நன்று.

இனி நூற்றொகுதிகளுக்கு வருவோம். அவற்றுள் முதலில் வைத்தெண்ணத்தக்கது மதுரைத்திட்டம். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பெற்ற இம்முயற்சியைச் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தினார். ஊதியம் பெறாத தொண்டர் பலர், உலகின் பல மூலைகளில் இருந்து, பழந்தமிழ் நூல்களை வரிவரியாகத் தட்டெழுதி ஒப்புநோக்கி வெளியிட்டனர். சங்கம் இருந்த நகரின் பெயரை அதற்கு இட்டது பொருத்தமே. முதலில் டிஸ்கி என்னும் பழைய குறிமுறையில் வெளிவந்த நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. அவ்வாறு மாற்றுவாரின்றி நின்றுபோன பழைய தமிழ்ப் பக்கங்கள் பல, இன்று திறந்தால் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றும். சுவடியைச் செல் அரித்தது என்போம்; இவற்றை அரித்தது செல்லும் அன்று, ஈரமும் அன்று, எண்முறை மாற்றம்.

நாலாயிரத் திவ்வியப் பிரபந்தமும் மதுரைத்திட்டத்தில் உண்டு. இதனை வைத்து நம் வகுப்பில் ஒரு வினா எழுந்தது. ஆண்டாள் தம் ஊரைத் தம் பாடல்களிற் கூறியுள்ளாரா என்பதே அவ்வினா. தோழர் ஒருவர் உடனே கைப்பேசியை எடுத்துத் திருப்பாவையினுள் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தேடினார், இல்லை. திருவில்லிபுத்தூர் என்று தேடினார், அதுவும் இல்லை. 'கூறவில்லை' என்று முடிவுகட்டினார். ஆசிரியர் நகைத்து, 'புதுவை என்று தேடும்' என்றார். திருப்பாவையின் முப்பதாம் பாட்டிலேயே அச்சொல் இருந்தது. 143 பாடல்கள் கொண்ட நாச்சியார் திருமொழியில் புதுவை என்றும் வில்லிபுத்தூர் என்றும் இருவகையாகவும் ஊர்ப்பெயர் வருகின்றது. தம் ஊரைத் தம் பாட்டின் ஈற்றிற் பொறித்து வைத்த ஒருவரைப்பற்றி, அவர் ஊரைக் கூறவில்லை என்று ஒரு நொடியில் முடிவு பிறந்தது! அது வகுப்பறையில் நிகழ்ந்தமையால் உடனே திருந்திற்று. ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் நிகழ்ந்திருப்பின், 'இந்நூலில் இச்சொல் இல்லை' என்பது அடிக்குறிப்பாய் ஏறி, பின்வருவோர் பலரும் அதனை எடுத்தாளும் நிலை வந்திருக்கும். தேடல் தரும் 'இல்லை' என்னும் விடைக்கு, 'நீ எழுதிய இவ்வெண்வரிசை இங்கே இல்லை' என்பதற்கு மேல் யாதும் பொருளில்லை.

புதுவை என்பதும் இடரற்றதன்று. புத்தூர் புதுவை என மருவியதுபோலவே புதுச்சேரியும் புதுவை என மருவிற்று. ஆதலால் பொதுத் தேடுபொறியில் அச்சொல்லை இட்டால் கடற்கரை நகரே முன்வந்து நிற்கின்றது. வில்லிபுத்தூர் என்று இட்டாலோ, பாரதம் பாடிய வில்லிபுத்தூராரும் உடன் வருகின்றார்.

சொற்பொருள் அறிவதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனே இன்றும் நம் முதற்றுணை. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் அனுபந்தமாகவும் வெளிவந்த அப்பேரகராதி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை உடையது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராய் நின்றவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. நம் ஊர்களில் அத்தொகுதிகள் ஏழும் ஒருங்கே உள்ள நூலகத்தை நாடிச் செல்லுதல் எளிதன்று. இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் அதனை எவரும் திறந்து பார்க்கலாம். பாளையம் என்று தேடினால் படை தங்கும் இடம், பாளையக்காரர் ஆட்சிக்குட்பட்ட நிலம் முதலிய பொருள்கள் வருகின்றன. பாப்ரிசியுஸ் ஐயரின் அகராதியும் (முதற்பதிப்பு 1779), வின்ஸ்லோ ஐயரின் அகராதியும் (1862) அங்கேயே உள்ளன. ஒரு சொல்லை மூன்றிலும் ஒருங்கே பார்த்தல் வேண்டும். லெக்சிகன் விட்ட வழக்குச் சொல்லை வின்ஸ்லோ சில வேளைகளில் வைத்திருப்பதுண்டு.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கி, 2017-இல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அதனை அறியாதார் நம் கல்லூரியில் இரார் ஆதலின் அதனைப்பற்றி விரித்திலம். அதன் உடன்பிறப்பாகிய விக்கிமூலத்தையோ அறிந்தோர் மிகச் சிலர். அதனைப்பற்றியே சற்று விரிவாகக் கூற விழைகின்றோம்.

விக்கிமூலத்தில் பழைய அச்சுநூல் ஒன்றின் ஒவ்வொரு பக்கமும் படமாக ஏற்றப்படுகின்றது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பல அங்கே உள்ளன. எழுத்துணரி என்னும் மென்பொருள் அப்படத்தைப் படித்துத் தேடத்தக்க எழுத்தாக மாற்றித் தருகின்றது. திரையில் ஒருபுறம் படம், மறுபுறம் எழுத்து. படிப்பவர் இரண்டையும் ஒப்புநோக்கித் திருத்தல் வேண்டும். ஒருவரும் திருத்தாத பக்கம் சிவப்பு நிறத்தால் குறிக்கப்படும். ஒருவர் திருத்தியபின் மஞ்சளாகும். வேறொருவர் மீண்டும் சரிபார்த்தபின்னரே பச்சையாகும். ஒருவரே இரண்டு முறையும் பார்த்துப் பச்சையாக்க முடியாது. மூலபாடத்தைப் பலர் கூடி நிலைநிறுத்துதற்கு இதனினும் எளிய ஒழுங்கு வேறொன்றை நாம் கண்டிலம். ஒரு நூலை மேற்கோள் காட்டுமுன் அதன் பக்கம் எந்நிறத்தில் உள்ளது என்று பார்த்தல் மாணாக்கர்க்கு வழக்கமாதல் வேண்டும்.

எழுத்துணரி எங்கே தடுமாறுகின்றது என்பதை நோக்கின், நம் இரண்டூர்ப் பெயர்களே மீண்டும் சான்றாகின்றன. ரகரத்துக்கும் காலுக்கும் உள்ள மயக்கம் முன்னரே சொல்லப்பட்டது. அதனால் புத்தூர் கெடும். பாளையம் கெடுவது வேறு வகையில். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழிகாட்டியது, பெரியார் 1935 முதல் தம் குடியரசு இதழிற் கையாண்ட முறையாகும். ணகர, றகர, னகரங்களின் ஆகார, ஒகர, ஓகார வடிவங்கள் ஒன்பதும், ணகர, லகர, ளகர, னகரங்களின் ஐகார வடிவங்கள் நான்கும் ஆகப் பதின்மூன்று எழுத்துக்கள் அன்று மாறின. பாளையத்தின் 'ளை' அவற்றுள் ஒன்று. அதற்குமுன் அச்சிட்ட நூலில் அவ்வெழுத்து, யானையின் துதிக்கைபோல் வளைந்த ஒரு கொடியை முன்னே உயர்த்தி நிற்கும். இக்கால எழுத்துருவிற் பழகிய பொறி அதனைக் கண்டு மருளுகின்றது. மருண்டபோது அது வாளாவிராது. வாயில் வந்ததை எழுதிவிடுகின்றது. நம் கல்லூரி நூலகத்தில் பழம்பதிப்புக்களைப் புரட்டிப் பழகிய மாணாக்கர், அவ்வடிவத்தைக் கண்டவுடன் படித்துவிடுவர். பொறிக்கு இயலாதது நமக்கு இயலும் இடம் இஃதொன்று. ஒருநாளைக்கு இரண்டு பக்கம் ஒப்புநோக்க அரைமணிப்பொழுது கூடச் செல்லாது.

இவ்விடத்து மற்றொரு நுட்பமும் உண்டு. எழுத்தின் வடிவு மாறிற்றேயன்றி எண் மாறவில்லை. ளகரத்துக்கு 2995, ஐகாரக் குறிக்கு 3016. இவ்விரண்டும் கூடிய இடத்தில் துதிக்கை வடிவம் வரைவதா, இக்கால வடிவம் வரைவதா என்பது எழுத்துருவை வகுப்பவர் விருப்பம். எழுத்து வேறு, அதன் வரிவடிவு வேறு என்னும் கொள்கை நமக்குப் புதியதன்று. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வரிவடிவில் வேறுபடுத்திக் காட்டும் இக்கால முறையை வகுத்தளித்த வீரமாமுனிவரும் ஒலியை மாற்றினாரல்லர், கோட்டையே மாற்றினார்.

இதிலிருந்து எழுத்துரு வனைவோர் கலையைப்பற்றிச் சில கூறலாம். விண்டோஸ் 2000 கணினிகளோடு வந்த லதா என்னும் எழுத்துரு ஒன்றையே நெடுங்காலம் யாவரும் கண்டு சலித்திருந்தனர். இன்று விலையின்றிப் பெறத்தக்க தமிழ் எழுத்துருக்கள் பல உள. பிரியா இரவிச்சந்திரன் வனைந்த கட்டமரன் என்னும் எழுத்துரு, கட்டுமரத்தின் பெயரைத் தாங்கி, மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது பருமன்களில் கிடைக்கின்றது. விளம்பரத் தாளுக்கும் தலைப்புக்கும் ஏற்றது. இலங்கையைச் சார்ந்த தாரிக் அசீஸ் வனைந்த கவிவனர், கையெழுத்தின் சாய்வு உடையது. பியோனா ராஸ், பெர்னாண்டோ மெல்லோ ஆகியோர் வனைந்த டைரோ தமிழ், பழைய ஈயவச்சின் நடையைத் தழுவியது. நீண்ட உரைநடையைப் படித்தற்கு நாம் அதனையே விரும்புகின்றோம். எழுத்துரு ஒன்றை மேற்கொள்ளுமுன் ஸ்ரீவில்லிபுத்தூரை இருவகையாலும் எழுதிப் பார்க்க வேண்டும். 2998-இல் தொடங்கும் ஸ்ரீயைக் கூட்டெழுத்தாக்க அறியாத பழைய எழுத்துருக்கள், ஶகரமெய்யையும் ரீகாரத்தையும் பிரித்துக் காட்டிவிடும். ரகரத்துக்கும் காலுக்கும் வேற்றுமை தெரிகின்றதா என்பதனையும் உடன் நோக்குக. தெரியாத எழுத்துரு எத்துணை அழகியதாயினும், அதிற் செய்த பிழை திருத்துவார் கண்ணுக்கு அகப்படாது.

தட்டெழுதுதற்குத் தமிழ்99 என்னும் விசைப்பலகையைப் பயில்க. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து அரசு ஏற்றது அது. உயிர் பன்னிரண்டும் இடப்புறம், மெய் பதினெட்டும் பெரும்பாலும் வலப்புறம், ஆய்தம் ஒன்று என முப்பத்தொரு விசையில் நெடுங்கணக்கு முழுதும் அடங்கும். தகரத்தை இருமுறை தட்டின் முன்னதற்குப் புள்ளி தானே வீழ்கின்றது. 'புத்தூர்' எழுதும்போது விரலுக்கு அது ஓர் ஆறுதல். ஆங்கில எழுத்தால் ஒலிபெயர்த்துத் தட்டுவோர், லகர ளகர ழகர வேற்றுமையை விரலில் அல்லாமல் நினைவில் வைத்திருக்க வேண்டியவராகின்றனர்.

ஒரு பொருளுக்குப் பெயர் பலவாதல் ஊர்க்கு மட்டும் உரியதன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் 1988-இல் சரணாலயம் அமைத்துக் காக்கப்பெற்ற பேரணில், சாம்பல்நிற அணில், நரையணில், மலையணில் எனப் பலவாறு குறிக்கப்படுகின்றது. அக்காடு 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்கிற்று. உயிரினங்களைப் படம்பிடித்து உலகினர்க்கு அறிவிக்கும் ஐநாச்சுரலிஸ்ட் தளத்தில் அவ்வணிலைத் தேடுவார், ரட்டுஃபா மாக்ரூரா என்னும் அதன் விலங்கியற் பெயரைக் கொண்டு தேடின் பிழைபடார். விலங்கியலார் இவ்விடரை நெடுநாளைக்கு முன்னரே தீர்த்துக்கொண்டனர்.

ஊர்ப்பெயர்க்கும் அத்தகைய தீர்வு ஒன்று உண்டோ எனின், இரண்டிடங்களில் கண்டோம். 2012-இல் தொடங்கிய விக்கித்தரவு, ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் வகுத்து, அவ்வெண்ணின்கீழ் முதன்மைப்பெயர் ஒன்றையும் மாற்றுப்பெயர் எத்தனையாயினும் அத்தனையையும் ஏற்கின்றது. 2004-இல் தோன்றிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுத் தேசப்படமும் ஓரிடத்துக்குத் தமிழ்ப்பெயர், பழம்பெயர், மாற்றுப்பெயர் எனத் தனித்தனியே எழுத இடந்தருகின்றது. எவரும் கணக்குத் தொடங்கி எழுதலாம். அஞ்சற்றுறையார் 1972-இலேயே இவ்வழியைக் கண்டனர் எனலாம். இருபது வடிவத்துள் எதனை எழுதினும் 626125 என்னும் எண் இருப்பின் மடல் ஸ்ரீவில்லிபுத்தூர் சேரும். 626117 என்பது இராசபாளையம் சேரும்.

ஊரின் பெயர் இவ்வாறு அடங்கினும் தெருக்களின் பெயர் இன்னும் அடங்கவில்லை. தேசப்படத்தில் தமிழ்ப்பெயர் எழுதாது வெறுங்கோடாய் நிற்கும் சந்துகள் பல உள. பலகையில் ஒரு பெயரும் முதியோர் நாவில் வேறொரு பெயருமாக வழங்கும் தெருக்களும் உள. நாமும் தோழர் மூவரும் கோடை விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோடும் வீதிகளினின்றும் தொடங்கி இப்பெயர்களைக் கேட்டெழுதி வருகின்றோம். ஒவ்வொரு பெயரையும் சொன்னவர் ஒலித்தவாறே ஒரு பத்தியிலும், இலக்கணவழி வேறொரு பத்தியிலும் எழுதுகின்றோம். இராசபாளையத்தில் இவ்வேலை இனிமேற்றான் தொடங்கவேண்டும். அங்கே தெலுங்கு பேசுவோர் பலர் ஆதலின், மூன்றாவது பத்தி ஒன்றும் கோடிட்டு வைத்துள்ளோம்.